சீட்டுக்கு அடியில் ஒரு நட்டு

எனக்குக் காது கூர்மை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. ஒன்பது வயதிலேயே, விடியற்காலையில் பாயில் படுத்தபடி, எந்தக் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கிறார்கள் என்பதைக் கவலை ஏற்றத்தின் உருளை போடும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அது எங்கள் வண்டியா, பக்கத்து ஊர் வண்டியா, அச்சுக்கு மை போட்டு நாளாகிவிட்டதா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். ஆகவே சித்தப்பாவின் சைக்கிள் விவகாரத்தில் நான் தலையிட்டதை அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை.

எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம். அப்பாவுக்குப் புளி வியாபாரம். சுற்றுப்பட்ட ஊர்களில் புளி வாங்கி, கொட்டை நீக்கி, மூட்டை கட்டி, பொம்மிடிக்கு வண்டியில் அனுப்பி ரயில் ஏற்றுவார். சித்தப்பா அப்பாவின் தம்பி. ஊர் ஊராகப் போய் மரத்தைப் பார்த்து விலை பேசுவது அவர் வேலை. அதற்கு ஒரு சைக்கிள் இருந்தால் தேவலை என்று வெகுநாளாக வீட்டில் பேச்சு. சித்தப்பாவுக்குக் காரிமங்கலத்தில் பெண் பார்த்தபோது அந்தப் பேச்சுக்கு ஒரு வழி பிறந்தது. பெண்ணின் அண்ணன் அங்கே சந்தைக்குப் போகும் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சீராக ஒரு சைக்கிள் தந்துவிடுகிறோம் என்று அவர்களே சொன்னார்கள்.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்கே அல்லாடிய காலம். டயர் கிடைக்காமல் பலர் சைக்கிளைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு நடந்துபோனார்கள். அந்தக் காலத்தில் கல்யாணப் பந்தலில் பளபளவென்று கறுப்புச் சைக்கிள் ஒன்று மாலை போட்டு நின்றதைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. மாப்பிள்ளையைவிடச் சைக்கிளைத்தான் அதிகம் பேர் தொட்டுப் பார்த்தார்கள். வைகாசியில் கல்யாணம். ஆனி பாதியில் அந்தச் சைக்கிள் சத்தம் போட ஆரம்பித்தது.

அது சின்னச் சத்தம் இல்லை. கிரீச், கிரீச் என்று, சித்தப்பா ஏரிக்கரையில் வரும்போதே வீட்டில் கேட்கும். தெருவில் எதிரே வருபவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் அப்பாவுடன் வியாபாரம் பேச வந்தவர், "என்னங்க, புது மாப்பிள்ளை பழைய சைக்கிள்ல வர்றாப்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அன்று முதல் அவர் மனத்தில் ஒரு சந்தேகம் ஊன்றிக்கொண்டது. புதுச் சைக்கிள் கிடைக்காத காலத்தில் இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது? பழசுக்குப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். சைக்கிள் கடைக்காரன் வீட்டிலிருந்தே ஓட்டைச் சைக்கிள் வந்திருக்கிறது என்றால் அது குடும்பத்துக்கே அவமானம் என்பது அவர் கட்சி.

சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது. புது மருமகள் என்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, கணவரை இழந்தபின் எங்களோடு இருந்தாள். வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை. கதவு போட்ட அறை வீட்டில் ஒன்றே ஒன்று. அதில் விதைக்கடலையும் சீர்வரிசைப் பாத்திரங்களும் குடியிருந்தன. சித்தப்பா புளிக் கிடங்குக்குக் காவலாக அங்கேயே படுத்துக்கொள்வார். சித்தி கூடத்தில் அத்தைக்குப் பக்கத்தில் பாய் போடுவாள். பகலில் சித்தப்பாவுக்குத் தாகம் எடுத்தால், கதவுக்கு அந்தப் பக்கம் சித்தி நிற்பது தெரிந்தும், "பாப்பா, தண்ணி வேணும்னு சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார். நான் திரும்பி, "சித்தி, தண்ணி வேணுமாம்" என்பேன். இப்படி அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு தபால்காரி. நான் இல்லாவிட்டால் இவர்கள் பாடு என்ன ஆகும் என்று எனக்கே கவலையாக இருக்கும்.

சித்தி வந்த பிறகுதான் அந்த வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்தது. அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். சைக்கிள் கடையிலேயே வளர்ந்தவள். அத்தை மதியம் கண்ணயரும் நேரத்தில் கிடங்குக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் குரங்குப் பெடல் போட வைத்தாள். சீட்டு எட்டாத பிள்ளைகள் பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பைக் கோணிக்கொண்டு மிதிப்பார்களே, அதுதான். அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவாள். பொட்டைப்பிள்ளை சைக்கிள் மிதிப்பது வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் முதுகு பழுத்திருக்கும். தெரியவில்லை. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆடி பிறந்ததும், வழக்கப்படி, புதுப்பெண்ணை அழைத்துப்போகக் காரிமங்கலத்திலிருந்து வந்தார்கள். அப்பா வந்தவர்களுக்குச் சோறு போட்டு, வெற்றிலை கொடுத்து, கடைசியில் அந்தக் குண்டைப் போட்டார்.

"ஆடிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஆவணி பொறந்ததும் அழைச்சிக்க ஆள் வராது. எப்போ இந்தச் சைக்கிள்ல சத்தம் நிக்குதோ, அன்னிக்கு எங்க வண்டி உங்க வாசல்ல வந்து நிக்கும்."

சொன்னால் சொன்னதுதான். சொன்ன சொல்லை மாற்றாதவர் என்பது அப்பாவின் பெருமை. அது வீட்டில் மற்ற எல்லோருக்கும் தொல்லை.

ஆவணி வந்தது. சீர் கொடுத்தவர்கள்தான் சீரைப் பழுதுபார்த்துத் தரவேண்டும் என்பது அப்பாவின் நியாயம். அதனால் காரிமங்கலம் சந்தை கூடும் நாளெல்லாம் சைக்கிளைக் கொண்டுபோய் அவர்கள் கடை வாசலில் நிறுத்த வேண்டும் என்று சித்தப்பாவுக்கு உத்தரவு போட்டார். சந்தைக்கு வருகிற அத்தனை சனமும் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும் என்பது அவர் கணக்கு.

"சரிங்கண்ணா" என்றார் சித்தப்பா. அவர் அண்ணனிடம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான்.

நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து தருமபுரி, தருமபுரியைத் தாண்டி அதைவிட இரண்டு பங்கு தூரம் காரிமங்கலம். மேடும் பள்ளமுமான சாலை. காயும் வெயில். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது என்பதால் இரவு அங்கேயே தங்கி மறுநாள்தான் வருவார். வரும்போது சைக்கிள் பழையபடி கிரீச்சிட்டுக்கொண்டே வரும். மச்சான் எதையெதையோ கழற்றிப் பார்த்தாராம், புலப்படவில்லையாம், அடுத்த சந்தைக்குக் கொண்டுவரச் சொன்னாராம். அப்பா வெற்றிப் புன்னகையோடு தலையை ஆட்டுவார். சித்தப்பா தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பார். வாய் வெற்றிலையில் சிவந்திருக்கும். கேரியரில் முறுக்கு மூட்டை இருக்கும். அத்தனை தூரம் மிதித்துக் களைத்து வந்த மனிதர் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே சைக்கிளைச் சாத்துவார்.

"பாவம், களைப்புத் தெரியாம இருக்கணும்னு பாடறான்" என்று அத்தை சொல்வாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புரட்டாசியும் பாதி போய்விட்டது. ஒருநாள் அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் தணிந்த குரலில் பேசினார். தணிந்த குரல் என்றால் எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

"தீபாவளி வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள சரி பண்ணலேன்னா அந்த உறவே வேணாம். இவனுக்கு வேற எடம் பார்த்துடலாம்."

அம்மா, "அந்தப் பொண்ணு என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

"பொண்ணு ஒண்ணும் பண்ணல. பொண்ணைக் குடுத்தவங்க பண்ணினாங்க. இப்போ இதை அவன்கிட்டச் சொல்லிட்டிருக்காத."

சித்தி வரவே மாட்டாள். வேறொரு சித்தி வருவாள். அவளுக்குக் குரங்குப் பெடல் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கும். நான் அழுதேன். அழுது முடித்தபின் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். காரிமங்கலத்துக் கடைக்காரருக்குக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. சித்தப்பாவுக்கு ஓர் ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. ஆகவே நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடியுமா என்ற சந்தேகம் எனக்கு ஒரு கணம்கூட வரவில்லை.

சித்தப்பாவிடம் போய், "இந்தச் சத்தம் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, "செயின்லதான் பாப்பா" என்றார். அம்மா பத்திரப்படுத்தியிருந்த விளக்கெண்ணெய் முழுவதையும் செயினில் ஊற்றினேன். அம்மா என் தலையில் குட்டினாள். சைக்கிள் கிரீச்சிட்டது. மறுபடி கேட்டபோது, "அப்போ மட்கார்டா இருக்கும்" என்றார். மட்கார்டைப் பழந்துணி வைத்து இறுகக் கட்டினேன். கிரீச். "ஒருவேளை பெல்லோ என்னவோ" என்றார். பெல்லைக் கழற்றி என் பாவாடையில் முடிந்துகொண்டேன். பாவம், இரண்டு மூன்று நாள் சித்தப்பா, "ஓரம், ஓரம்" என்று வாயால் கத்திக்கொண்டே போக வேண்டியதாயிற்று. பெல் இல்லாமலும் கிரீச்தான். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டால் காரியம் ஆகாது என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவரைக் கேட்பதை விட்டுவிட்டு என் காதைக் கேட்க ஆரம்பித்தேன்.

சைக்கிளைச் சும்மா தள்ளிப் பார்த்தேன். சத்தம் இல்லை. அப்படியானால் சக்கரத்தில் குறை இல்லை. குரங்குப் பெடல் போட்டுப் பார்த்தேன். கிடங்கைச் சுற்றிச் சுற்றி மிதித்தேன். சத்தமே இல்லை. பெடலில் இல்லை, செயினில் இல்லை; நான் ஊற்றிய விளக்கெண்ணெய் வீண். ஆனால் சித்தப்பா ஏறினால் மட்டும் வருகிறது. அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் பெரியவர், நான் சின்னவள் என்பது இல்லை. அவர் சீட்டில் உட்காருகிறார். நான் உட்காருவதில்லை.

இதைச் சரிபார்க்கச் சித்தப்பா தேவை. அவரோ அன்று வெளியூர் நடந்தே போயிருந்தார். அவருக்குப் பதில் ஒரு புளி மூட்டை போதும் என்று முடிவு செய்தேன். பாதி மூட்டைகூட எனக்குத் தூக்க வரவில்லை. இழுத்துக்கொண்டு திணறியபோது அம்மா வந்து நின்றாள். குட்டப் போகிறாள் என்று தலையை மூடிக்கொண்டேன்.

"என்னடி பண்ற?"

"சத்தம் சீட்டுலதான் இருக்குதும்மா. இந்த மூட்டையை மேல வெச்சிட்டா தெரிஞ்சிடும்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டையை ஒரே தூக்காகத் தூக்கிச் சீட்டில் வைத்து, அவளே கயிறு போட்டுக் கட்டினாள். அம்மா பிடித்துக்கொள்ள நான் தள்ளினேன்.

கிரீச். கிரீச். கிரீச்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் குதித்த குதியில் அம்மா சைக்கிளோடு விழப் பார்த்தாள்.

மூட்டையை இறக்கிவிட்டுச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். சுருள் கம்பிகள், இரண்டு பக்கமும் நட்டுகள். எல்லாவற்றிலும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. இடது பக்கத்து நட்டு ஒன்று மட்டும் அப்படி இல்லை. புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி அதன் ஓரங்கள் மினுங்கின. நல்ல இரும்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைத் தொட்டால் விரலிலேயே சுற்றியது. சீட்டுக்குப் பின்னால் தொங்கிய தோல் பையில் ஸ்பேனர் இருந்தது. கல்யாணத்தன்று முதல் அங்கேதான் இருந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, இனி நகராது என்கிற வரை முடுக்கினேன். அம்மா மறுபடி மூட்டையைத் தூக்கி வைத்தாள். தள்ளினோம். சைக்கிள் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் விசாரணை நடந்தது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அத்தை வாசற்படியில் உட்கார்ந்தாள். சித்தப்பா சைக்கிளில் ஏறி எங்கள் முன்னால் போய் வந்தார். சத்தம் இல்லை. அப்பா நம்பாமல் இன்னொரு முறை போகச் சொன்னார். பள்ளத்தில் இறக்கச் சொன்னார். மேட்டில் ஏறச் சொன்னார். சித்தப்பா சீட்டில் மேலும் கீழுமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேண்டுமென்றே தேடுவது போலத்தான் இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"நின்னுடுச்சு" என்றார் அப்பா. அவர் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல். "நாளைக்குக் காலையில வண்டியைப் பூட்டிக்கிட்டுப் போய் அந்தப் பொண்ணைக் கூட்டியாந்துடு."

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "அண்ணா, இன்னும் ரெண்டு சந்தை பார்த்துட்டுக் கூட்டியாரலாமுங்களா? மறுபடியும் வந்தாலும் வருமுங்க."

அவர் அண்ணனிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"வராது! நான் முடுக்கியிருக்கேன்!" என்று நான் கத்தினேன். அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார். அத்தை திருஷ்டி கழித்தாள். எங்கள் வீட்டில் அதுவரை எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. சித்தப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிடங்குப் பக்கம் போனார். மகிழ்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

சித்தி வந்து இறங்கினாள். இறங்குவதற்குள் நான் வண்டிச் சக்கரத்தில் காலை வைத்து ஏறி, "நான்தான் சித்தி கண்டுபிடிச்சேன்!" என்றேன்.

"நீயா கண்ணு? எந்த நட்டு?"

"சீட்டுக்கு அடியில. எடப்பக்கம்."

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தாள்.

"உங்க கடையில இது யாருக்குமே தெரியலையே" என்று நான் வருத்தத்தோடு சொன்னேன்.

"எங்கண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றாள் சித்தி. ஐயோ பாவம், சைக்கிள் கடை வைத்திருப்பவருக்குக் காது மந்தமானால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று அன்று முழுவதும் எனக்குக் கவலையாக இருந்தது.

தீபாவளி நன்றாகக் கழிந்தது. அப்பா வேறு இடம் பார்க்கும் பேச்சை எடுக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் வீடு பழையபடி ஆகிவிட்டது. சித்தப்பா கிடங்குக்கும் சித்தி அத்தையின் பக்கத்துக்கும் போய்விட்டார்கள். "தண்ணி வேணும்னு சொல்லு" என்று மறுபடி என் தபால் வேலை ஆரம்பித்தது. சித்தப்பா பாடுவதை நிறுத்திவிட்டார். அத்தனை தூரம் மிதிக்கும் கஷ்டம் தீர்ந்த பிறகு ஏன் முகம் வாடிக் கிடக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. சித்தியோ விடிவதற்கு முன் எழுந்தால் விளக்கு வைக்கும் வரை நிமிர்வதில்லை. குரங்குப் பெடலுக்கும் அவளுக்கு நேரம் இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் காலை. சைக்கிள் தெருவில் வந்தது.

கிரீச்.

நான் பாதிச் சோற்றில் எழுந்து ஓடினேன். சித்தப்பா அப்பாவின் முன் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் வந்துடுச்சுங்கண்ணா. இன்னிக்குச் சந்தை. கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடறேன். அவளும் வந்து நேர்ல கேட்டான்னா மச்சான் கொஞ்சம் அக்கறையாப் பார்ப்பாப்ல."

அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "ஆமா, அவளையே கூட்டிட்டுப் போய் நிறுத்து. தங்கச்சி கேட்டாலாவது ரோசம் வருதான்னு பார்ப்போம்."

சித்தி நொடியில் தயாராகிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு பெட்டியை விட்டு வெளியே வராத அந்த அரக்குச் சேலை. தலையில் கனகாம்பரம். கையில் ஒரு சின்ன மூட்டை. தெருவே பார்க்கக் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். அத்தையால்கூட ஒன்றும் சொல்ல முடியவில்லை. அது குடும்ப மானத்துக்காகப் போகிற பயணம் அல்லவா.

நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? என் வேலையில் குறை என்று ஆகிவிடாதா? "இருங்க, இருங்க!" என்று ஓடிப்போய், அவர் சீட்டில் ஏறுவதற்குள் தோல் பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். அதே நட்டு. அதே இடது பக்கம். விரலில் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. நாலே சுற்று. "ஏறிப் பாருங்க சித்தப்பா!"

அவர் ஏறினார். அப்பா பார்த்துக்கொண்டே நின்றதால் வேறு வழி இல்லை. சைக்கிள் மூச்சுவிடவில்லை.

"அடடே! பொட்டப்புள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றாள் அத்தை. "எறங்கிக்கோம்மா, போக வேண்டியதில்ல."

சித்தி கேரியரிலிருந்து இறங்கினாள். உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து உரலடியில் உட்கார்ந்து மாவு ஆட்டினாள். கனகாம்பரம் மட்டும் தலையில் அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் உரித்தாயா சித்தி என்று கேட்டேன். ஆமாம் என்றாள். உரலில் உளுந்துதான் இருந்தது. அவளைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது, ஏன் என்று தெரியாமலே.

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி என் முகத்தைத் தன் தோளால் இடித்தாள்.

"அந்த ஸ்பேனர் எங்கே கண்ணு?"

மடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து அதை என்னிடமே வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருந்தேன்.

"நீ எங்கியாச்சும் தொலைச்சிடுவ. இந்தச் சண்டைக்காலத்துல வேற கெடைக்காது. எங்கிட்டக் குடு, நான் பத்திரமா வெச்சிக்கறேன்."

சைக்கிள் கடையில் பிறந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கொடுத்துவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், தன் தகரப் பெட்டியைத் திறந்து, அந்த அரக்குச் சேலைக்கு அடியில் ஸ்பேனரை வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். ஒரு துண்டு இரும்பை அவ்வளவு பத்திரமாக வைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சித்தியின் பொறுப்பை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்த சந்தை நாள் வந்தது. கிரீச். அதே காலை, அதே அரக்குச் சேலை, அதே கேரியர். அப்பா வழியனுப்ப வாசலில் நின்றார். நான் சித்தியின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, ஸ்பேனர்! சீக்கிரம்!"

"பெட்டிச் சாவியை எங்கே வெச்சேன்னே தெரியலையே கண்ணு."

"உன் கழுத்துல தொங்குது பாரு!"

"இது வேற சாவி" என்றாள் சித்தி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டே. அம்மா எனக்குப் பின்னால் வந்து என் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள். பிடி பலமாக இருந்தது. "விடும்மா, போயிட்டு வரட்டும். சந்தைக்கு நேரமாவுது" என்றாள். என்னோடு சேர்ந்து மூட்டை தூக்கிய அம்மாவே இப்படிக் கட்சி மாறிவிட்டதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

சைக்கிள் கிளம்பியது. கிரீச், கிரீச் என்று தெருவைத் தாண்டி, ஏரிக்கரை மேட்டில் ஏறியது. அங்கே அத்தையின் பார்வை எட்டாது. சித்தியின் கை சித்தப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். நடுவில் நான் இல்லாமலே பேசிக்கொண்டார்கள். அவ்வளவு தூரத்திலும் அந்த நட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது என் காதுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இந்தச் சத்தத்தோடு காரிமங்கலம் வரைக்கும் எப்படிப் போவார்கள்? எனக்குத் தாங்கவில்லை. அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு கரை வரைக்கும் ஓடினேன்.

"சித்தப்பா! சீட்டுல உக்காராதீங்க! நின்னுக்கிட்டே மிதிங்க! சத்தம் வராது!"

அவர்களுக்குக் கேட்டது. சித்தி திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னால் சாய்த்து, உரக்கச் சிரித்தாள். சித்தப்பா பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டே, முன்னைவிட நன்றாக அழுத்திச் சீட்டில் உட்கார்ந்து மிதித்தார். புளியமரங்களுக்கு அந்தப் பக்கம் மறையும் வரை கிரீச்சென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் புரிந்துகொள்ளத் தெரியாத அந்த இரண்டு பேரையும் நினைத்து எனக்கு மிகவும் பரிதாபமாக இருந்தது.